நாலு கரையும் ஒரு நாற்காலியும்

மளிகைக் கடையில் மீதிச் சில்லறை வாங்கும்போது ஒரு இரண்டு ரூபாய் நாணயம் கை நழுவி விழுந்தது. உருண்டு போய் அரிசி மூட்டை ஓரமாக நின்றது. நான் அதைப் பார்த்தேன். கடைக்காரர் என்னைப் பார்த்தார். "போனா போகுது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் அவமானமாக இருந்தது. இருபத்தொன்பது வருஷம் அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்தவன் நான். ஓடுகிற வண்டியில், நெரிசலில், நாலு பேர் காலுக்கு நடுவே விழுந்த எட்டணாவைக்கூட விட்டதில்லை. கணக்கில் குறைந்தால் கைக்காசு போட வேண்டுமே. அப்படிப்பட்டவன் குனியப் பயந்து இரண்டு ரூபாயை விட்டுவிட்டு வந்தேன். இது நடந்தது 2019இல். அப்போது எனக்கு வயது 64.

இடுப்பு வலி அதற்கு ஒரு வருஷம் முன்பே தொடங்கிவிட்டது. மூன்று மாதத்தைத் தாண்டினாலே அதை நாள்பட்ட வலி என்கிறார்கள். அந்தக் கணக்கில் நான் எப்போதோ சீனியர் ஆகிவிட்டேன். காலையில் எழுந்ததும் இடுப்பில் பலகை வைத்துக் கட்டியது போல் இருக்கும். உட்கார்ந்து எழுந்தால் உடனே நிமிர முடியாது. நாலு எட்டு வைத்த பிறகுதான் முதுகு நேராகும். பஸ்ஸில் நின்றே தேய்ந்த உடம்பு, இது வராமல் எப்படி இருக்கும் என்று நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன்.

முதல் ஆறு மாதம் ஊசியிலும் மாத்திரையிலும் ஓடியது. எனக்குச் சர்க்கரையும் பிரஷரும் உண்டு. ஒருநாள் ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டர், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ஏறியிருக்கிறது, வலி மாத்திரையை நிறுத்துங்கள் என்றார். அந்த வகை மாத்திரைகள் வயதானவர்களுக்குச் சிறுநீரகத்தையும் வயிற்றையும் பதம் பார்க்கும், பிரஷரையும் ஏற்றிவிடும் என்று விளக்கினார். ஆக, மருந்தில்லா வைத்தியத்துக்கு நான் கொள்கைப்பிடிப்போடு போகவில்லை. மற்ற கதவு சாத்தப்பட்டதால் போனேன்.

அதற்குள் ஸ்கேனும் எடுத்தாயிற்று. எல்4-எல்5இல், அதாவது இடுப்பின் நாலாவது ஐந்தாவது எலும்புக்கு நடுவே, டிஸ்க் என்ற ஜவ்வு பிதுங்கியிருக்கிறது, அதற்குக் கீழே ஜவ்வு தேய்ந்திருக்கிறது என்று ரிப்போர்ட் வந்தது. அந்தப் பெரிய பிளாஸ்டிக் கவரைத் தூக்கிக்கொண்டு நான் போகாத இடம் இல்லை. கல்யாண வீட்டில்கூட, யாராவது டாக்டர் மாப்பிள்ளை வந்திருப்பாரோ என்று வண்டியில் வைத்திருந்தேன்.

முதலில் போனது ஒரு பிசியோதெரபி நிலையம். பத்து நாள் பேக்கேஜ். முதுகில் பசையைத் தடவி ஒட்டி கரண்ட் வைப்பார்கள். எறும்பு ஊர்வது போல் சுகமாக இருக்கும். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது வலி திண்ணையில் காத்திருக்கும். அப்புறம் இடுப்பை இழுக்கும் மிஷின். மார்பில் ஒரு பட்டை, இடுப்பில் ஒரு பட்டை கட்டி, மேலேயும் கீழேயுமாக இழுக்கும். நாலாம் நாள் பட்டையை அவிழ்த்ததும் முதுகுச் சதை மொத்தமும் ஒரு பிடி பிடித்தது பாருங்கள், கட்டிலிலிருந்து இறங்க முடியவில்லை. இரண்டு பேர் தூக்கி ஆட்டோவில் குறுக்கே படுக்க வைத்து அனுப்பினார்கள். மீதி ஆறு நாளுக்குக் கட்டிய பணம் போனது போனதுதான்.

பிறகு பெல்ட். கம்பி வைத்த, அகலமான இடுப்பு பெல்ட். கொரோனா ஊரடங்கு முழுக்க அதோடுதான் இருந்தேன். வேட்டிக்கு மேலே கட்டினால் வேட்டி நிற்காது, உள்ளே கட்டினால் மூச்சு நின்றுவிடும். போட்டிருக்கும்வரை தைரியம். கழற்றினால் இடுப்பே தனியாகக் கழன்று விழுந்துவிடும் போல ஒரு பயம். பெல்ட் என் முதுகைத் தாங்குகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில், எனக்கு முதுகு என்று ஒன்று சொந்தமாக வேலை செய்யும் என்ற நினைப்பையே அது அழித்துக்கொண்டிருந்தது.

நடுவில் சுளுக்கு எடுப்பவர் ஒருவர். காலால் பிறந்தவர் உதைத்தால் சுளுக்கு விடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அவரும் மெதுவாகத்தான் உதைத்தார், பாவம். சிரித்துவிட்டு வரலாம் என்றாலும், எலும்பு பஞ்சாகிப்போன வயதான பெண்களை இப்படி உதைக்கவும் நெட்டி முறிக்கவும் விட்டால் முதுகெலும்பு முறிந்தே போகலாம். அதை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, திருப்பம் எங்கே வந்தது என்று சொல்கிறேன். 2022. எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி பக்கவாதத்தில் படுத்துவிட்ட ஒருவர் இருந்தார். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஒரு பிசியோதெரபி பெண் ஸ்கூட்டரில் வந்து அவருக்குக் கைகால் பயிற்சி கொடுத்துவிட்டுப் போவார். அந்தத் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. சர்க்கரை, பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருவதாக மட்டும்தான் பலருக்குத் தெரியும், பிசியோதெரபியும் அதில் உண்டு. ஒருநாள் அந்தப் பெண்ணைத் தெருவில் மறித்து, கவரை நீட்டினேன்.

"ஐயா, ஸ்கேன் அப்புறம் பாக்கலாம். உள்ள ஒரு நாற்காலி இருக்கா?"

கேள்விகள் முதலில் வந்தன. சிறுநீர், மலம் போவது தெரியாமல் போகிறதா? உட்காரும் இடம் மரத்துப் போகிறதா? கால் வலுவிழந்து மடங்குகிறதா? காய்ச்சல்? காரணமில்லாமல் எடை குறைவு? எப்போதாவது புற்றுநோய் வந்ததா? கீழே விழுந்தீர்களா? எப்படிப் படுத்தாலும் ராத்திரி வலி அடங்காமல் இருக்கிறதா? எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். இதில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் பயிற்சி பேச்சே கிடையாது, நேராக ஆஸ்பத்திரிதான் என்றார். முதல் மூன்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே போக வேண்டுமாம். நான்கு வருஷத்தில் இந்தக் கேள்விகளை இவ்வளவு வரிசையாக என்னிடம் யாரும் கேட்டதில்லை.

அடுத்தது நாற்காலி. பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டார், வழுக்காமல் இருக்க. கைகளை மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டு உட்கார்ந்து எழ வேண்டும், முப்பது வினாடியில் எத்தனை முடிகிறதோ அத்தனை. போனில் நேரம் வைத்தார். ஆறு. ஆறாவதில் நாற்காலிக் கையைப் பிடித்துவிட்டேன், அதனால் ஐந்தரை என்று வைத்துக்கொள்ளுங்கள். என் வயது ஆணுக்குப் பன்னிரண்டுக்குக் குறைந்தால் சராசரிக்குக் கீழே என்று அர்த்தமாம்.

"இடுப்பு தேஞ்சு போச்சேம்மா, எப்படி எழுந்திரிக்கிறது?" என்றேன். அதற்குத்தான் அவர் ஸ்கேனைத் தொட்டார். தொட்டுவிட்டு ஒரு ஆராய்ச்சியைச் சொன்னார். 2015இல் வந்தது. வலியே இல்லாத மூவாயிரத்துச் சொச்சம் பேரின் ஸ்கேன் முடிவுகளைத் திரட்டிப் பார்த்திருக்கிறார்கள். அறுபது வயதுக்காரர்களில் 88 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம், 69 சதவீதம் பேருக்குப் பிதுக்கம். இருபது வயதிலேயே 37 சதவீதம் பேருக்குத் தேய்மானம் இருந்திருக்கிறது. இவர்கள் யாருக்கும் இடுப்பு வலி கிடையாது.

நான் விடவில்லை. "தேஞ்ச டயருதானேம்மா பஞ்சராகும்?"

"டயர் தானா வளராது ஐயா. சதை வளரும், எழுபதுலயும் வளரும்."

இந்த ஒரு பதிலை நான் பல நாள் அசை போட்டேன். கவரைத் தூக்கிக்கொண்டு அலைந்த காலத்தில், குனிந்தால் டிஸ்க் வெளியே வந்துவிடும் என்று நிஜமாகவே நம்பினேன். குனியாமல், நடக்காமல், தூக்காமல் இருந்து, இருந்த சதையையும் கரைத்துவிட்டேன். வலியில் பாதி இடுப்பிலிருந்து வந்தது, மீதி அந்த ரிப்போர்ட்டிலிருந்து வந்தது என்று இன்றைக்குச் சொல்வேன்.

அவர் கொடுத்த பயிற்சிகள் வெறும் நாலு. காலையில் ஐந்து முறை, மாலையில் ஐந்து முறை நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. கட்டிலில் மல்லாந்து முழங்காலை மடக்கி, இடுப்பை மட்டும் பாலம் போல் தூக்கி ஐந்து எண்ணி இறக்குவது. சமையல் மேடையில் இரண்டு கையையும் ஊன்றி, ஒரு காலை மட்டும் பின்னால் நீட்டிப் பிடிப்பது (தரையில் மண்டியிட்டுச் செய்வது என் முட்டிக்கு ஆகாது என்பதால் இந்த மாற்று). நாலாவது நடை. மூச்சைப் பிடிக்கக் கூடாது, எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்றார். டிக்கெட் டிக்கெட் என்று கத்திய வாய்க்கு இதுவா கஷ்டம்?

படுக்கையிலிருந்து எழும் விதத்தையும் மாற்றினார். நேராக எழுந்து உட்காராமல், பக்கவாட்டில் ஒருக்களித்து, காலைக் கட்டிலுக்கு வெளியே விட்டு, முழங்கையை ஊன்றி எழ வேண்டும். காலைப் பிடிப்பு இதிலேயே கால்வாசி குறைந்தது. கட்டில் என்றதும் ஞாபகம் வருகிறது: அதுவரை நான் தரையில் பாய் விரித்துப் படுத்தேன், இடுப்பு வலிக்குக் கட்டாந்தரைதான் நல்லது என்று ஊரே சொன்னதால். 2003இல் ஸ்பெயினில் 313 பேரை வைத்துப் பார்த்ததில், கெட்டியான மெத்தையைவிட நடுத்தரமான மெத்தைதான் வலிக்கு நன்றாக இருந்ததாம். எனக்கோ தரையிலிருந்து எழுவதே தினமும் ஒரு மல்யுத்தம். இலவம்பஞ்சு மெத்தையைத் தூசி தட்டிக் கட்டிலில் போட்டேன், ஒருக்களித்துப் படுக்கும்போது முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை. தூக்கம் திரும்பியது.

நடைக்கு வருகிறேன். எனக்கு ஊர் மன்னார்குடி. மதிலழகுக்குப் பேர் போன ஊர் என்பார்கள், என்னைக் கேட்டால் குளம்தான் அழகு. ஹரித்ராநதி இருபத்துமூன்று ஏக்கர். நாலு கரையும் சுற்றி வந்தால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரும். எங்கள் வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் தண்ணீர் தெரியும். அந்தப் பெண் சொன்ன விதி இது: வலிக்கும்வரை நடக்காதீர்கள், நிர்ணயித்த தூரம் நடங்கள். முதல் வாரம் எங்கள் கரையின் பாதிவரை, ஒரு படித்துறையில் உட்கார்ந்து திரும்புவது. இரண்டாம் வாரம் மூலைவரை. பிறகு ஒரு கரை முழுசாக. பஸ்ஸில் ஸ்டேஜ் போட்டது போலத்தான். ஒரு நோட்டில் தேதி, எத்தனை கரை, முப்பது வினாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை எழுச்சி, வலி பத்துக்கு எவ்வளவு என்று நாலு கட்டம் போட்டு எழுதினேன். கண்டக்டரின் டிக்கெட் கணக்குத் தாளான வே பில் எழுதிய கை, சும்மா இருக்குமா?

முதல் மாதம் வலி எண் அசையவே இல்லை. ஏழு, ஏழு, ஆறு, ஏழு. ஆனால் எழுச்சி ஆறிலிருந்து ஒன்பதாகியிருந்தது, நடை இரண்டு கரை. வலியை மட்டும் எழுதியிருந்தால் அங்கேயே விட்டிருப்பேன். பெல்ட்டை முதலில் வீட்டுக்குள் கழற்றினேன், பிறகு கடைக்குப் போகும்போது, கடைசியாக வெளியூர் பஸ் பயணத்தில். ஆறு வாரம் ஆனது.

2023 பங்குனியில் சறுக்கினேன். ராஜகோபாலசாமி கோயில் பிரம்மோற்சவம் பதினெட்டு நாள். வெண்ணெய்த்தாழி அன்றைக்குத் தவழும் கோலத்தில் பெருமாள் வருவார், ஜனம் வெண்ணெய் வீசும். நாலு வருஷமாகப் போகவில்லை, உடம்பு தேறிவிட்டது என்று காலையிலிருந்து பல்லக்கோடு நின்று நின்று நடந்தேன். கூட்டத்தில் நிற்பது நடப்பதைவிடக் கொடுமை. ராத்திரி வலி ஒன்பது. பயந்து போய் மூன்று நாள் படுத்த படுக்கை, பெல்ட்டைத் தேடினேன். நல்லவேளை, என் மனைவி அதை எங்கோ ஒளித்து வைத்துவிட்டாள். பிசியோ பெண் வந்து திட்டினார். வலி ஏறினால் பாதியாகக் குறைக்க வேண்டும், பூஜ்யம் ஆக்கக் கூடாது. மூன்று நாள் படுத்தால் இந்த வயதில் மூன்று வாரச் சம்பாத்தியம் போய்விடும் என்றார். நோட்டைப் புரட்டினால் உண்மைதான்: எழுச்சி பன்னிரண்டிலிருந்து எட்டுக்கு இறங்கியிருந்தது. அதிலிருந்து, நன்றாக இருக்கும் நாளில்தான் நான் அதிகம் ஜாக்கிரதை. நோட்டில் மூன்று கரை என்று இருந்தால் மூன்றோடு நிறுத்திக்கொள்வேன், நாலாவது கரை கூப்பிட்டாலும்.

என்னோடு வேலை பார்த்த டிரைவர் ஒருவர் கதை வேறு. அவருக்கு நடக்க நடக்கக் கால் மரத்து இழுக்கும். குனிந்து நின்றாலோ உட்கார்ந்தாலோ விட்டுவிடும். சைக்கிளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனால் மட்டும் எவ்வளவு தூரமும் போவார். டிவியைப் பார்த்து முதுகை வளைக்கும் புஜங்காசனம் செய்து காலை மேலும் கெடுத்துக்கொண்டார். தண்டுவடம் போகும் பாதை வயதில் குறுகிவிட்டால் இப்படி ஆகுமாம். நிமிர்ந்து பின்னால் வளைந்தால் இன்னும் நெருக்கும், முன்னால் சாய்ந்தால் இடம் கிடைக்கும். அவருக்குத் தந்தது மல்லாந்து முழங்காலை மார்போடு அணைப்பதும் நிற்கும் சைக்கிள் மிதிப்பதும். என் பயிற்சியை அவரோ, அவர் பயிற்சியை நானோ செய்தால் இருவருக்கும் கேடு. அதனால் இதைப் படித்துவிட்டு அப்படியே என் பட்டியலைக் காப்பி அடிக்க வேண்டாம், ஒருமுறை நேரில் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் நாள்பட்ட இடுப்பு வலிக்கென்று ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது, வயதானவர்களையும் சேர்த்து. என் மருமகள் போனில் படித்துச் சொன்னாள். இழுக்கும் வைத்தியம், இடுப்பு பெல்ட், அல்ட்ராசவுண்ட் வைப்பது, தோலில் ஒட்டி வைக்கும் கரண்ட், இந்த நாலையும் வழக்கமாகத் தர வேண்டாம் என்று எழுதியிருக்கிறது. அல்ட்ராசவுண்ட் தவிர, நான் காசு கொடுத்த வரிசை அப்படியே! பயிற்சி, வலியைப் பற்றிப் புரிய வைப்பது, மசாஜ், ஊசி குத்தும் அக்குபஞ்சர், மனதுக்கான ஆலோசனை இதெல்லாம் தரலாம் என்ற பக்கம் வருகின்றன. அதிலும் எல்லாவற்றுக்கும் ஆதாரம் கெட்டி என்று சொல்லவில்லை, ஆளைப் பார்த்துத் தரச் சொல்கிறார்கள். அக்குபஞ்சரை நான் பார்க்கவில்லை. திருச்சியில் என் அக்கா ஊசி போட்டுக்கொண்டு ஓரளவு தேவலை என்கிறாள். அமெரிக்காவில் முதியோர் காப்பீட்டிலேயே 2020லிருந்து இதற்கு இடம் உண்டு. நம் ஊரில் விரலால் தொட்டு அனுப்புவதையும் அதே பெயரில் சொல்கிறார்கள், அது வேறு சமாசாரம்.

ஒத்தடத்தை மட்டும் நான் விடவில்லை. கல் உப்பை வறுத்து பழைய வேட்டித் துணியில் முடிந்து, என் மனைவி தன் மணிக்கட்டில் வைத்துப் பார்த்த பிறகே முதுகில் வைப்பாள். சர்க்கரைக்காரனுக்குச் சூடு சரியாகத் தெரியாமல் போகலாம், தெரிந்த ஒருவர் சுடுநீர்ப் பையை வைத்தபடி தூங்கி முதுகெல்லாம் கொப்புளம் வாங்கினார். ஒத்தடம் வலியைத் தீர்க்காது. ஆனால் சதை இளகும், ஒரு அரை மணி நேரம் இடைவெளி கிடைக்கும். முன்பெல்லாம் அந்த அரை மணியில் தூங்குவேன். இப்போது செருப்பைப் போட்டுக்கொண்டு கரைக்கு இறங்கிவிடுவேன். எண்ணெய் தேய்ப்பும் அப்படித்தான்.

நடையைப் பற்றி 2024இல் ஆஸ்திரேலியாவில் 701 பேரை வைத்துச் செய்த ஒரு ஆய்வு வந்தது. இடுப்பு வலி வந்து குணமானவர்களில், பிசியோதெரபிஸ்ட் வழிகாட்டி நடக்க வைத்தவர்களுக்கு வலி திரும்ப வர நடுக்கணக்கில் (பாதிப் பேருக்கு அதற்குள், மீதிப் பேருக்கு அதற்குப் பிறகு) 208 நாள் ஆனது. சும்மா இருந்தவர்களுக்கு 112 நாள். அவர்கள் என்னைவிட இளையவர்கள், வலி நின்றவர்கள். இருந்தாலும் செருப்பு தவிர செலவில்லாத வைத்தியம் இது ஒன்றுதானே.

வீட்டில் செய்த மாற்றங்கள் சின்னவை. வெஸ்டர்ன் டாய்லெட்டும் பக்கத்தில் ஒரு கம்பியும். வாளியில் பாதித் தண்ணீர். இருபது லிட்டர் கேனைத் தூக்குவதை விட்டு அடியில் குழாய் வைத்த டப்பா. உட்கார்ந்து செருப்பு மாட்ட வாசலில் ஒரு ஸ்டூல்.

இன்னொன்று, வெளியில் யாரும் பேசாதது. ரிட்டயர் ஆன பிறகு என்னை யாரும் எங்கும் எதிர்பார்க்கவில்லை. வலி இருந்தால் அதைக் கேட்கவாவது நாலு பேர் வந்தார்கள். காலையில் காபியோடு என் மனைவி, "இன்னிக்கி எப்படிங்க வலி?" என்று கேட்பாள், நானும் முதுகெல்லாம் தேடிப் பார்த்துப் பதில் சொல்வேன். தேடினால் கிடைக்காமலா போகும்? பிசியோ பெண் இதைக் கவனித்துவிட்டு அந்தக் கேள்வியை மாற்றச் சொன்னார். இப்போது அவள் கேட்பது, "இன்னிக்கி எத்தன கரை?"

எனக்கு இப்போது 70. வலி போகவில்லை. நோட்டில் மூன்று, சில நாள் நாலு, மழைக் காலத்தில் ஐந்துகூட எழுதுகிறேன். எழுச்சி பதினைந்து. நாலு கரையும் வாரத்தில் ஐந்து நாள் முடிகிறது. போன மாதம் பேரன் கையிலிருந்து கோலிக் குண்டு சிதறியபோது முழங்காலை மடக்கி, நாற்காலியிலிருந்து எழுவது போலவே இறங்கி ஏறி, ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன். ஏழாவது கட்டிலுக்கு அடியில் போய்விட்டது, அதை அவனே எடுத்துக்கொண்டான்.

ஸ்கேன் படத்தைப் பீரோவுக்கு மேலே போட்டுவிட்டேன். கவர் நல்ல கெட்டி பிளாஸ்டிக், வீணாக்க மனமில்லை. வீட்டு வரி ரசீதும் கேஸ் புத்தகமும் இப்போது அதில்தான் இருக்கின்றன.